அடைக்கோழி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பதிவுப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியல. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு அண்ணன் வீட்டுக்கு வந்து வாயைக் கிளறிவிட்டுப் போயிட்டார். அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

அண்ணன் தூரத்து உறவு. பத்து வருஷம் என்னை மாதிரி பொட்டி தட்டினவர். வேலையை விட்டுட்டு இப்போ கோழி வளர்க்கிறவங்களுக்கு ஆலோசனை சொல்றார். எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழே கூடையில் செம்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். செம்பி எங்க செவலைப் பெட்டைக்கோழி. கிட்டப் போனதும் உடம்பை ரெண்டு மடங்கா உப்பிக்கிட்டு 'கொர்ர்ர்' என்றாள்.

"என்னடா தம்பி, எத்தனை நாளா இப்படி உக்காந்திருக்கு?"

"பத்து நாள் ஆச்சுண்ணே. பதினோரு முட்டை வச்சிருக்கு."

"சும்மா உக்காந்து தீனி திங்குது. இது ஒரு இருபத்தொரு நாள், அப்புறம் குஞ்சோட ரெண்டு மாசம். மூணு மாச முட்டை போச்சா? இன்ஜினியர்தானே நீ, கணக்குத் தெரியாது? ஒரு எறகைப் புடுங்கி மூக்குல சொருகு. இல்லேன்னா பக்கெட் தண்ணியில ரெண்டு முக்கு முக்கு. ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும். குஞ்சு வேணும்னா அதுக்குத்தான் மெஷின் இருக்கே."

வாசப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்த எங்க ஆயா தலையைத் தூக்காமலே, "யாரை முக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றது. அண்ணனுக்குக் காதில் விழுந்ததா தெரியல. காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டார்.

'தெளிஞ்சிரும்' என்ற அந்த வார்த்தைதான் என்னை உறுத்துது. காய்ச்சல் தெளியும். போதை தெளியும். பைத்தியம் தெளியும். தன் முட்டையைத் தானே பொரிக்க நினைக்கிற கோழிக்கு எது பிடிச்சிருக்குன்னு தெளியணும்?

இந்தப் பதிவில் நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். வீட்டுக் கோழி அடைக்கு உட்காருவது நோயும் இல்லை, நஷ்டமும் இல்லை. கோழி நமக்குக் கொடுக்கிறதிலேயே பெரிய சொத்து அதுதான். அதைத் தெளிய வைக்கிறவன் தன் கையாலேயே தன்னைக் கடைக்கு வாடிக்கையாளனா ஆக்கிக்கிறான். இதை உபதேசமா சொல்லல. அண்ணன் சொன்ன வேலையை நானே ஒருமுறை செஞ்சு பட்டவன். அந்தக் கதை பின்னாடி வருது.

'சும்மா' என்றால் என்ன?

முதல்ல இந்த 'சும்மா'வைப் பார்ப்போம்.

ஒரு நாட்டுக்கோழி பத்துப் பன்னெண்டு முட்டை போட்ட பிறகு, கூட்டில் முட்டை சேர்ந்து, அதன் மேல் வயிறு பட்டுக்கொண்டே இருந்தால், அதன் உடம்பில் புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறுது. நம்ம அம்மாக்களுக்குப் பால் சுரக்க வைக்கிற அதே பெயர்கொண்ட சுரப்பு. ஆஸ்கர் ரிடில் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 1935லேயே இதைக் கோழிக்கு ஊசியாகப் போட்டு அடையில் உட்கார வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஏறினதும் முட்டை நிற்கும். வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். முட்டைக்கும் உடம்புச் சூட்டுக்கும் நடுவில் ஒண்ணும் இருக்கக் கூடாதில்லையா, அதுக்குத்தான்.

அதுக்கப்புறம் 21 நாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, பதினஞ்சு இருபது நிமிஷம் எழுந்திருக்கும். தீனி, தண்ணி, மண்ணில் ஒரு புரளல், ஊரே நாறுகிற மாதிரி ஒரு கழிச்சல் (வளர்த்தவங்களுக்குத் தெரியும் :-)), திரும்ப ஓடிவந்து உட்கார்ந்துடும். உடம்பு இளைச்சுப் போகும். 'சும்மா உக்காந்து தீனி திங்குது' என்கிறாரே அண்ணன், வருஷத்திலேயே அது மிகக் குறைவாகத் தின்கிற நாட்கள் இவைதான்.

உட்கார்ந்தபடியே அலகால் முட்டைகளைத் திருப்பிவிட்டுக்கிட்டே இருக்கும். ஓரத்து முட்டையை நடுவுக்கும் நடுமுட்டையை ஓரத்துக்கும் மாத்தும். திருப்பாவிட்டால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கும். மெஷின்காரன் இதுக்கு மோட்டார் வச்சு, டைமர் வச்சு, 37.5 டிகிரிக்குத் தெர்மோஸ்டாட் வச்சு, ஈரப்பதத்துக்குத் தண்ணித்தட்டு வச்சு, பதினெட்டாம் நாள் திருப்புறதை நிறுத்தணும்னு கையேட்டில் அச்சடிச்சுக் கொடுக்கிறான். செம்பிக்குக் கையேடு கிடையாது. கடைசி ரெண்டு நாள் முட்டைக்குள்ளிருந்து குஞ்சு 'கீச்' என்றால் இவள் மெதுவாகக் 'கொக் கொக்' என்று பதில் சொல்வாள். நான் காதை வச்சுக் கேட்டிருக்கேன்.

இது சும்மான்னா, நான் கோடு எழுதிட்டு டெஸ்ட் ஓடி முடியற வரைக்கும் ஸ்கிரீனை வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேனே, அதுக்கு என்ன பேர்?

நோய் என்று முடிவு பண்ணியது யார்?

நாமக்கல். அதாவது நாமக்கல் மாதிரியான இடங்கள்.

தப்பா எடுத்துக்காதீங்க, நாமக்கல் மேல எனக்குக் கோபம் இல்லை. சத்துணவில் பிள்ளைகளுக்குப் போகிற முட்டையும் என் டிபன் பாக்ஸில் இருக்கிற முட்டையும் அங்கிருந்துதான் வருது. செந்நிறக் காட்டுக்கோழி, அதாவது நம்ம எல்லாக் கோழிக்கும் மூதாதை, வருஷத்துக்குப் பத்துப் பதினஞ்சு முட்டை போடும். நம்ம நாட்டுக்கோழி 60லிருந்து 80. ஒயிட் லெகார்ன் வழியில் வந்த பண்ணைக் கோழி 300க்கு மேல். இந்த வித்தியாசம் எப்படி வந்தது? அடைக்கு உட்காருகிற கோழியைத் தலைமுறை தலைமுறையா கழிச்சுக் கழிச்சு, உட்காராத கோழியின் வம்சத்தை மட்டும் பெருக்கினாங்க. அது ஒரு முக்கியமான காரணம். லட்சம் கோழியைக் கூண்டில் வச்சு முட்டை விக்கிறவனுக்கு அடைக்கோழி நஷ்டம்தான். அவனுக்குக் குஞ்சு பொரிக்கத் தனித் தொழிற்சாலை இருக்கு. அவன் கணக்கு சரி.

மெஷினும் புதுசு இல்லை. எகிப்தில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சூளை மாதிரி மண் அறை கட்டி ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரிச்சிருக்காங்க. அதனால் 'மெஷின் கெட்டது, இயற்கை நல்லது' என்று வழக்கமான பஜனை பாட நான் வரல.

என் சண்டை வேற. லட்சம் கோழிக்காரன் கணக்கைக் கொண்டுவந்து நாலு கோழி வச்சிருக்கிற எங்க ஆயா தலையில் ஏன் கட்டுறீங்க? அங்கே குறைன்னு ஒதுக்கின குணம் இங்கேயும் குறைன்னு யார் சொன்னது? முறுக்குப் புழியறவனும் முறுக்குச் சாப்பிடுறவனும் ஒரே தராசு வச்சிருக்கணுமா என்ன?

நம்ம பாஷையில் சொன்னால்

நம்மில் பாதிப் பேர் பொட்டி தட்டுறவங்க, அதனால் இப்படிச் சொல்றேன். அடைக்கு உட்காருகிற நாட்டுக்கோழி ஓப்பன் சோர்ஸ். ஒரு சேவல் ரெண்டு பெட்டை கையில் இருந்தால் போதும், எத்தனை காப்பி வேணும்னாலும் நீங்களே எடுத்துக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். உட்காராத கோழி லைசென்ஸ் சாஃப்ட்வேர். நல்லாத்தான் ஓடும். காலம் முடிஞ்சதும் திரும்பக் காசு கட்டணும்.

வனராஜா என்று ஒரு ரகம் கேள்விப்பட்டிருப்பீங்க. ஹைதராபாத்தில் இருக்கிற மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்காகவே உருவாக்கியது. சீக்கிரம் எடை போடும், நாட்டுக்கோழியை விட முட்டையும் அதிகம். ஆனால் அது ரெண்டு வழிகளைச் சேர்த்து எடுத்த கலப்பு. அதன் முட்டையைப் பொரிச்சு வர்ற அடுத்த தலைமுறையில் அந்தக் குணம் அப்படியே நிக்காது. அடைக்கு உட்காருகிற குணமும் அதில் குறைவு. ஆக மறுபடி குஞ்சு வேணும்னா மறுபடி வாங்கணும். விதைக் கடையில் வீரிய ஒட்டு ரகம் வாங்குறவங்களுக்கு இந்தக் கதை புதுசா இருக்காது.

நம்ம மாநில அரசும் கிராமத்துப் பெண்களுக்குப் புறக்கடைக் கோழித் திட்டத்தில் நாலு வாரக் குஞ்சு கொடுக்குது. நல்ல திட்டம். ஒரு பெண் கையில் நாலு காசு சுயமாப் புழங்குதுன்னா அதைக் கிண்டல் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. ஆனா ஒரே ஒரு கேள்வி. நாலு வாரக் குஞ்சுன்னா அம்மாவைப் பார்க்காத குஞ்சு. பருந்து நிழல் விழுந்தால் எங்கே ஓடணும்னு அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? மேலே பருந்து வந்தால் தாய்க்கோழி ஒரு சத்தம் போடும், தரையில் பூனை வந்தால் வேற சத்தம் போடும். முதல் சத்தத்துக்குக் குஞ்சுங்க செடிக்கடியில் போய் அப்படியே உறைஞ்சு நிக்கும். பல்பு வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சு பருந்தை அண்ணாந்து வேடிக்கை பார்க்கும். குஞ்சோடு குஞ்சாக, அடைக்கு உட்காருகிற பெட்டைகளைக் காப்பாத்தி வச்சுக்கச் சொல்லிக் கொடுத்தாலே திட்டத்துக்கு ஆயுசு கூடுமே?

சின்ன வயசில் ஸ்கூல் வாசலில் பச்சை, ரோஸ், நீலம்னு சாயம் போட்ட கோழிக்குஞ்சு வித்தானே, ஞாபகம் இருக்கா? நான் அழுது அடம்பிடிச்சு ரெண்டு வாங்கினேன். மூணாம் நாள் ரெண்டும் செத்துப் போச்சு. முட்டை ரகத்தில் பொறக்கிற சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறிக்கும் தேறாது, அதனால் கழிச்சுக் கட்டுவாங்க, அதில் சாயம் பூசித் தெருவுக்கு வர்றதுதான் இதுன்னு காலேஜ் போனப்புறம்தான் தெரிஞ்சது. அடுத்த தடவை வாங்கினப்போ ஆயா அதை ராத்திரி அடைக்கோழி வயித்துக்கடியில் தள்ளி விட்டுச்சு. விடிஞ்சதும் தாய்க்கோழி பச்சைக் குஞ்சையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டுத் திரிஞ்சது. அந்தச் சேவல் ஒன்றரை வருஷம் இருந்தது.

நான் செஞ்ச வேலை

மழை வந்தால் டிவியில் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் என்று வரிசையா ஊர்ப் பேர் வாசிப்பாங்களே, செம்பரம்பாக்கம் உபரி நீர் போற வழியில் இருக்கிறவங்க ஜாக்கிரதையா இருங்கன்னு. அந்த ஊர்க்காரன் நான்.

2015 டிசம்பர் வெள்ளத்தப்போ நான் இன்ஜினியரிங் முதல் வருஷம். எங்க தெருவில் இடுப்பளவு தண்ணி. ஆயாகிட்ட பதினாலு உருப்படி இருந்தது. தண்ணி வடிஞ்சப்போ மிஞ்சினது ரெண்டு பெட்டை, ஒரு சேவல். ராத்திரி பூரா ஜன்னல் மேல் சன்ஷேடில் நின்னிருக்கு. பொங்கல் முடிஞ்சு ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்தது, அப்புறம் இன்னொண்ணு. அந்த வருஷம் தீபாவளிக்கு எங்க வீட்டில் பத்தொம்பது கோழி. யார்கிட்டயும் குஞ்சு வாங்கல, மனு போடல, கரண்டும் செலவாகல.

இதைக் கண்ணால் பார்த்தவன்தான் நான். ஆனாலும் படிச்ச திமிரு யாரை விட்டது? 2023ல் ஆன்லைனில் 48 முட்டை இன்குபேட்டர் ஒண்ணு வாங்கினேன். டிஜிட்டல் டிஸ்ப்ளே, தானாத் திருப்பும், சூடு குறைஞ்சால் பீப் அடிக்கும். அதை நிரப்ப முட்டை வேணுமே. எங்ககிட்ட அப்போ மூணு பெட்டை. அக்டோபர் கடைசியில் ரெண்டு அடைக்கு உட்கார்ந்தது. அண்ணன்கிட்டதான் போனில் கேட்டேன், அவர் சொன்னபடி பக்கெட்டில் முக்கினேன். ஒண்ணு ரெண்டே நாளில் 'தெளிஞ்சது'. இன்னொண்ணு நாலு நாள் வெறும் தரையில் போய்ப் போய் உட்கார்ந்தது. அப்புறம் அதுவும் அடங்கிடுச்சு. ஆயா என்கிட்ட ஒரு வாரம் சரியாப் பேசல.

தெருவில் வாங்கினதும் சேர்த்து நாற்பது முட்டை. நவம்பர் 20ஆம் தேதி மெஷினில் வச்சேன். அதுக்கு மூணு நாள் முன்னாடி மூணாவது பெட்டையை ஆயா எனக்குத் தெரியாமல் மாடிப்படிக்குக் கீழே ஒம்பது முட்டையோடு உட்கார வச்சுட்டுது.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் அன்னிக்கு ராத்திரியே படுத்துடுச்சு. மெஷின் கொஞ்ச நேரம் பீப் அடிச்சுது, அப்புறம் அந்தச் சத்தமும் நின்னுபோச்சு. பதினாலாம் நாள். டார்ச் அடிச்சுப் பார்த்தால் உள்ளே கரு அசையுது. போர்வை சுத்தினேன். வெந்நீர் பாட்டில் வச்சேன். ராத்திரி பூரா மணிக்கொரு தடவை மாத்தினேன்.

ஆயா வந்து பார்த்துட்டு, "பிரிச்சு ரெண்டு கோழிக்கு வையேன்டா" என்றது.

எந்த ரெண்டு கோழிக்கு? உட்கார்ந்திருந்த ரெண்டையும்தான் நான் முக்கித் தெளிய வச்சுட்டேனே. அடையில் இருந்த ஒரே கோழியால் தன் ஒம்பதுக்கு மேல் ரெண்டு மூணுதான் அணைக்க முடியும். அதிலும் என் முட்டை பொரிக்க ஆறேழு நாள் பாக்கி, அதுக்கு நாலே நாள். மூணு நாள் கழிச்சுக் கரண்ட் வந்தது. நாற்பதில் ஒண்ணுகூட அசையல. கொல்லையில் குழி தோண்டிப் புதைச்சேன். டிசம்பர் 8ஆம் தேதி மாடிப்படிக்குக் கீழே ஒம்பதில் எட்டு பொரிஞ்சு வெளியே வந்தது. அந்த எட்டில் ஒண்ணுதான் இந்தச் செம்பி.

கூமுட்டைன்னு திட்டுவாங்களே, அந்த வாரம் எங்க வீட்டில் நாற்பத்தோரு கூமுட்டை. நாற்பது மெஷினில், ஒண்ணு நான்.

மெஷின் தோற்றது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. எந்த மெஷினும் ஒருநாள் தோற்கும், அது தெரிஞ்சுதான் நாம பேக்கப் எடுக்கிறோம். என் பேக்கப்பை நானே அழிச்சுட்டு மெஷினை நம்பினேன், அதுதான் தப்பு. அண்ணன் கணக்கில் விட்டுப்போன வரியும் அதுதான்.

சரி, கணக்குக்கே வருவோம்

அடையைத் தெளிய வச்சுக்கிட்டே இருந்தால் என் அனுபவத்தில் ஒரு கோழிக்கு வருஷத்தில் முப்பது முட்டை கூடுதலாகக் கிடைக்கும். ஒண்ணு பதினஞ்சு ரூபாய்னு வச்சால் 450 ரூபாய். நல்ல காசுதான்.

எதிர்ப்பக்கம்: ஒரு அடையில் பதினோரு முட்டை, எட்டு ஒம்பது பொரியும், பருந்து, கீரி, பூனை, சீக்கு எல்லாம் போக அஞ்சு தேறும்னு வச்சுக்குங்க. அஞ்சு மாசம் கழிச்சு ஒரு சேவலை நான் ஐநூறு ரூபாய்க்குக் குறைஞ்சு கொடுத்ததில்லை. தீனின்னா வீட்டு மிச்சம், நொய், கொல்லைப் புழு பூச்சி. ஒரே அடைக்கு ரெண்டாயிரத்தைத் தாண்டுது. இதையே மெஷினில் பொரிச்சால், பொரிக்கிறதோடு வேலை முடியல. முதல் வாரம் 35 டிகிரி, வாரா வாரம் ரெண்டு மூணு டிகிரி குறைச்சு, மூணு நாலு வாரம் பல்பு எரியணும். அந்த வேலையைச் செம்பி தன் ரெக்கைக்குள்ளே வச்சுக்கிட்டுச் செய்யுறா. மெஷின் பொரிக்கும், அவ்வளவுதான். வளர்க்காது.

அடைக்கோழி முறையில் குறையே இல்லையான்னு கேட்டால், இருக்கு. மிதிச்சு முட்டை உடையும். 'கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகுமா'ன்னு பழமொழி சொல்வாங்க, ஒண்ணு ரெண்டு ஆகத்தான் ஆகும். செல்லு ஏறினால் கோழி பாதியில் எழுந்து போயிடும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் தாயும் போகும், குஞ்சும் போகும். ஆனால் இதுக்கெல்லாம் மருந்து அடையை ஒழிக்கிறது இல்லை. செல்லுக்குச் சாம்பலும் வேப்பிலையும் நொச்சியும் இருக்கு. கழிச்சலுக்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பு மருந்து இருக்கு. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, ரெண்டு மாசம் ஆனதும் ஊசி. பழைய முறையையும் தடுப்பு மருந்தையும் எதிரிங்க மாதிரி பேசுறவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க. எங்க வீட்டில் ரெண்டும் ஒரே கூடைக்குள்ளே சமாதானமா இருக்கு.

உட்கார வைக்கிறது எப்படி?

கொல்லையில் நாலு கோழி வச்சிருக்கிற நண்பர்களுக்காக ஆயாவிடம் கத்துக்கிட்டது:

1. கூடு இருட்டாவும் அமைதியாவும் தரையை ஒட்டியும் இருக்கணும். அகலக் கூடை, அடியில் மணல் அல்லது உமி, மேலே வைக்கோல். தினம் இடம் மாத்தாதீங்க.

2. முட்டையைத் தினமும் முழுசாத் துடைச்சு எடுத்தால் கோழி உட்காராது. நாலஞ்சு விட்டு வைங்க. அழுகிடும்னு பயமா இருந்தால் பிங்பாங் பந்தோ முட்டை மாதிரி உருண்டைக் கல்லோ வைங்க. கோழிக்கு அந்த விஷயத்தில் நம்மளை விட நம்பிக்கை அதிகம் :-)

3. அடை வைக்கிற முட்டையைத் தனியா, குளிர்ச்சியான இடத்தில், கூர்முனை கீழே இருக்கிற மாதிரி அரிசியிலோ மணலிலோ செருகி வைங்க. ஒரு வாரத்துக்கு மேல் பழசு வேண்டாம். ஃப்ரிட்ஜ் வேண்டாம். கழுவவும் வேண்டாம்.

4. பகல் பூரா எழுந்திரிக்காமல், கை வச்சால் உப்பிக்கிட்டுச் சீறினால் அடைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். ரெண்டு நாள் பந்தின் மேல் உட்கார விட்டுப் பாருங்க. உறுதியானதும் ராத்திரியில் நல்ல முட்டையை மாத்தி வைங்க. இடம் மாத்துறதும் ராத்திரியில்தான்.

5. உடம்பு மூடுகிற அளவுக்குத்தான் முட்டை. ஒம்பதோ பதினொண்ணோ போதும். ஒற்றைப்படையில் வைக்கணும்னு ஆயா சொல்லும். காரணம் கேட்டால் முறைக்கும். நானும் ஒற்றைப்படையில்தான் வைக்கிறேன்.

6. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடிச்சுப் பாருங்க. ரத்த நரம்பு தெரிஞ்சால் கரு. தெளிவா இருந்தால் எடுத்துடுங்க. இடிக்குப் பயந்து ஆயா கூடையில் ஒரு இரும்புத் துண்டு, கரித்துண்டு, காய்ஞ்ச மிளகாய் போடும். அறிவியல் கேக்காதீங்க, எடுக்கவும் எடுக்காதீங்க.

7. முதல் முறை உட்காருகிற கோழி எழுந்து போனால் கறிக்குழம்பு பத்தி யோசிக்காதீங்க. அடுத்த முறை கத்துக்கும். நல்லா உட்காருகிற பெட்டையின் மகளை விக்காமல் வச்சுக்குங்க. இந்தக் குணம் வம்சத்தில் வரும். எங்க ஆயா அறுபது வருஷமா செய்ற ஜெனெடிக்ஸ் இதுதான்.

கடைசியா ஒண்ணு

எங்க ஊர் மலை மேல் இருக்கிறவன் சேவற்கொடியோன். ஆனா கீழே சேவல் கூவ இடம் குறைஞ்சுக்கிட்டே வருது. ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் போரூர் வரைக்கும் அபார்ட்மெண்ட். நடுவில் கொல்லை வச்ச வீடுகள் மனையா வித்துப் போகுது. அந்தத் தொழிற்சாலையில்தான் எங்க தெருப் பசங்களும் பொண்ணுங்களும் பஸ் ஏறி ஷிப்டுக்குப் போறாங்க, எனக்கும் சோறு பொட்டியில்தான், அதனால் குறை சொல்லல. ஆனா மணிக்கு இத்தனை என்று எண்ணிப் பார்க்கிற அந்த லைனின் கண்ணை வீட்டுக் கொல்லைக்கும் கொண்டு வந்துட்டோமோன்னு தோணுது. 2017ல் சட்டம் திருத்திப் பேறுகால விடுப்பை 26 வாரம் ஆக்கினாங்க. அதுக்கப்புறமும் "ஆறு மாசம் ஆள் இல்லாமப் போச்சே" என்று முணுமுணுக்கிற குரல்களை நாம எல்லாரும் ஆபீஸில் கேட்டிருக்கோம். அண்ணன் செம்பியைப் பார்த்துச் சொன்னப்போ எனக்கு அந்தக் குரல்தான் கேட்டுச்சு. முட்டை வராத மூணு மாசம் அவருக்குத் தெரியுது. அந்த மூணு மாசத்தில்தான் அடுத்த வருஷத்துக் கோழி எல்லாம் வருதுங்கிறது தெரியல.

அண்ணே, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். உங்க மேல மரியாதை இருக்கு. லட்சம் கோழிக்காரனுக்கு நீங்க சொல்றதை அவன் கேட்கட்டும். ஆனா நாலு கோழி வச்சிருக்கிற வீட்டில் பக்கெட்டைத் தொடாதீங்க. அங்கே இருக்கிற ஒரே ஆலை அந்தக் கூடைதான். அதை மூடிட்டு வந்தீங்கன்னா அடுத்த வெள்ளத்துக்கு அவங்க யார்கிட்ட போவாங்க?

இன்னிக்குச் செம்பிக்கு அடையில் பதினாறாம் நாள். நேத்து ராத்திரி டார்ச் அடிச்சதில் பதினொண்ணில் பத்துக்குள்ளே ஆள் இருக்கு. அஞ்சு நாள் கழிச்சுத் தெரியும். பொரிச்சதும் சொல்றேன்.

டிஸ்கி 1: இந்தப் பதிவு எழுதுறப்போ எந்தக் கோழியும் தண்ணியில் முக்கப்படவில்லை.

டிஸ்கி 2: அந்த 48 முட்டை இன்குபேட்டர் பரண் மேல்தான் இருக்கு. யாருக்காவது வேணும்னா சும்மாவே தர்றேன். ஒரே ஒரு நிபந்தனை, உங்க வீட்டில் அடைக்கு உட்காருகிற கோழி ரெண்டாவது இருக்கணும்.